'சின்சிற்றியல்' என்பதற்குத் தமிழ்

கோண்டாவில், மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கும் எங்கள் தாய்மாருக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அங்கே 2024 செப்டெம்பரிலிருந்து கர்ப்பிணிகளுக்கு 28 வாரம் ஆனதும், குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'ரெஸ்பிரேற்றரி சின்சிற்றியல் வைரஸ்' என்பதன் சுருக்கம் அது. முதல் எழுத்து சுவாசம், கடைசி எழுத்து வைரசு. நடுவில் நிற்கும் 'சின்சிற்றியல்' மூன்று நாளாக என்னை மறித்து வைத்திருக்கிறது. இணையத்தில் 'சுவாச ஒத்திசைவு வைரஸ்' என்று கிடக்கிறது. அது வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

மானிப்பாய், மருத்துவர்:

ஒத்திசைவு முழுப்பிழை. இந்த வைரசு தொற்றிய கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பக்கத்துப் பக்கத்துக் கலங்கள் மென்சவ்வு இணைந்து ஒன்றாகிவிடும். ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் கரண்டி பட்டதும் ஒன்றாகிப் பெரும் பொட்டாகுமே, அப்படி. உள்ளே கருக்கள் மட்டும் பலவாகக் கிடக்கும். அந்தக் கூட்டுக்குத்தான் சின்சிற்றியம் என்று பெயர். 1956இல் தடிமன் பிடித்த சிம்பன்சிகளில் முதலில் கண்டுபிடித்தார்கள், அடுத்த ஆண்டே குழந்தைகளிலும் கண்டார்கள். 'சின்' என்றால் கிரேக்கத்தில் சேர்ந்து, 'கைற்றொஸ்' என்றால் பாத்திரம்.

பருத்தித்துறை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பாத்திரம் என்றால் கலம்! தமிழ்நாட்டில் செல், உயிரணு என்பதை நம் பாடநூல்கள் கலம் என்றே எழுதிவந்தன. கிரேக்கன் நினைத்ததையே நாமும் நினைத்திருக்கிறோம். உண்கலம், மரக்கலம், அணிகலம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். நெல்லளக்கும் கலமும் இதுவே. எங்கள் ஊரில் கப்பலைக் கலம் என்று சொன்ன கிழவர்களை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கலத்தல் என்ற வினையும் இதே வேரா என்பதைத் தனியாக எழுதுகிறேன், அது நீளும். பிள்ளை, என் முன்மொழிவு 'புணர்கலம்'. புணர்ந்த, புணர்கின்ற, புணரும் கலம். சுத்தமான வினைத்தொகை.

சாவகச்சேரி, குடும்பநல உத்தியோகத்தர்:

மாஸ்டர், வினைத்தொகை சரி. ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு 'புணர்' என்று எழுதிக் கொடுக்க முடியாது.

திருநெல்வேலி, விஞ்ஞான ஆசிரியை:

அப்படியானால் 'கலவிணைவு'?

பருத்தித்துறை:

கலம் + இணைவு. புணர்ச்சி விதி சரி. ஆனால் வாசிப்பவர் கலவி + இணைவு என்று பிரிப்பார். புணர்கலத்தை விட மோசம். 'ஒன்றுகலம்' என்று வையுங்கள்.

திருநெல்வேலி:

ஐயா, ஒன்றுகலம் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் ஒருகல உயிர் என்றே நினைப்பார்கள். வைரசு கலமே இல்லை. மாங்கன்று ஒட்டுவதை நினைத்து 'ஒட்டுக்கலம்' என்றும் எழுதிப் பார்த்தேன். ஒட்டுண்ணி முன்னால் வந்து நிற்கிறது.

மானிப்பாய்:

ஒன்று என்ற வினையை விடாதீர்கள். கலங்களை ஒன்றிக்க வைப்பது வைரசின் மேலுள்ள ஒரு புரதம். 1960களில் முயன்ற தடுப்பூசி குழந்தைகளுக்குத் தீங்காகவே முடிந்தது. அந்தப் புரதம் ஒன்றிப்புக்கு முன் எடுக்கும் வடிவம் 2013இல் தெரியவந்த பிறகுதான் இன்றைய தடுப்பூசிகள் பிறந்தன. 'கலவொன்றிப்பு வைரசு', 'ஒன்றிப்புப் புரதம்' என்று ஒரே வேரில் வந்தால் படிப்பவருக்குத் தொடர்பு விளங்கும். இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு மாற்றும் கிறீன் வழி. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்தவர், 1875இல் வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார்.

பருத்தித்துறை:

கெமிஸ்தம் இன்று எங்கே? இரசாயனம் அல்லவா நிலைத்தது! மேலும் 'வைரசு' ஏன்? நச்சுயிரி என்று எழுதலாமே.

சாவகச்சேரி:

தாயின் பிறபொருளெதிரி (நோய்க்கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது என்று அந்தப் பிரசுரத்தில் ஒரு வரி வரும். அடுத்த வரியில் நச்சுயிரி என்று வந்தால் பயந்துவிடுவாள். அப்புறம் இன்னொன்று. குறைமாதப் பிள்ளைகளுக்குப் போடும் நிர்செவிமாப் ஊசியையும் 'தடுப்பூசி' என்று எழுதிவிடாதீர்கள். அது ஆயத்தமாகச் செய்த பிறபொருளெதிரி, பிள்ளையின் உடம்பு அதைத் தானாக உண்டாக்குவதில்லை. தடுக்கும் ஊசி என்பதால் சொல் பொருந்துவதுபோல் இருக்கும், ஆனால் வேறு பொருள்.

கோண்டாவில்:

அதை 'பிறபொருளெதிரி ஊசி' என்று மாற்றிவிட்டேன், நன்றி அக்கா. தலைப்பில் ஆர்.எஸ்.வி. மட்டும், ஏனென்றால் அங்கே தாதி அதைத்தான் சொல்லுவார். உள்ளே ஒருமுறை 'சுவாசக் கலவொன்றிப்பு வைரசு'. மூவர் சரி என்கிறீர்கள், மாஸ்டர் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பருத்தித்துறை:

கலவொன்றிப்பு நாக்கில் தடக்குகிறது பிள்ளை. அவசரத்துக்கு அச்சிடுங்கள். ஒன்றுகலத்தை நான் கைவிடவில்லை. கலத்தல் பற்றிய கட்டுரை ஞாயிறு வரும்.

சாவகச்சேரி:

தங்கச்சி, பெயர் விளக்கத்தைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். முதல் பக்கத்தில் இது வரட்டும்: பிள்ளை பால் குடிக்க முடியாமல் களைத்தால், மூக்குச் செட்டை விரிந்தால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், விடியும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.