முதுகுநீர் எடுப்பு: ஒரு சொல் முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

மூளையுறை அழற்சியை (மெனிஞ்சைடிஸ்) கண்டறிய, முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் லம்பார் பங்ச்சருக்கு ‘தண்டுவடத் துளையிடல்’ என்ற சொல் வேண்டாம். நான் காரைக்குடிப் பக்கம் செவிலியாக இருந்தவள். அந்தச் சொல் அச்சடித்த ஒப்புதல் படிவத்தோடு ஓர் இரவு முழுக்க நின்றிருக்கிறேன்.

ஆறு வயதுப் பையன். கடும் காய்ச்சல், வாந்தி. தலையைத் தூக்கினால் கழுத்து மடங்காமல் முதுகும் சேர்ந்து எழுந்தது. படிவத்தைத் தகப்பனார் வாசிக்க, அப்பத்தா குறுக்கிட்டார்: “தண்டுவடத்துல துளை போடுவீகளா? பிள்ளைக்குக் கால் விளங்காமப் போயிருமே தாயி!” விடியும்போதுதான் கையெழுத்துக் கிடைத்தது. மருந்தை இரவே தொடங்கிவிட்டோம், பையனும் பிழைத்தான். ஆனால் மருந்து ஏறியபின் எடுத்த நீரில் கிருமி வளரவில்லை. எந்தக் கிருமி என்று கடைசிவரை தெரியவில்லை.

அப்பத்தா பயந்தது சொல்லைப் பார்த்துத்தான். அந்தச் சொல்லே தவறு. தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். 1891இல் ஜெர்மன் மருத்துவர் குயின்கே இந்த முறையை விவரித்த காலத்திலிருந்து எடுப்பது நீரைத்தான்.

‘நாரித் துளையீடு’ என்று ஒருவர் சொன்னார். ஈழத்தில் நாரி என்றால் இடுப்பு, அங்கே அது உயிருள்ள சொல். இங்கே நாரி என்றால் பெண் என்றுதான் படிப்பார்கள்.

வார்டில் நாங்கள் சொல்வது “முதுகுல தண்ணி எடுக்கணும்”. அதையே ‘முதுகுநீர் எடுப்பு’ என்று ஆக்கலாம். அந்த நீர் மூளையைச் சுற்றியும் இருக்கிறதே என்றால், சரி, நீருக்கு ‘மூளைத் தண்டுவட நீர்’ இருக்கட்டும். செயலுக்கு எடுக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டுவோம்.

அப்புறம், எடுத்த நீர் தெளிவில்லாமல் இருந்தால் சொல்லும் டர்பிட் என்பதற்குக் ‘கலங்கல்’ போதும். நல்ல முதுகுநீர், மழை வெறித்தபின் வளவில் அண்டா வைத்துப் பிடித்த தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். பாக்டீரியா புகுந்தால் பெரும்பாலும் அரிசி களைந்த கழுநீர்போல வரும். வெள்ளணுவும் புரதமும் ஏறி, சர்க்கரை இறங்கியிருக்கும்.

படிவத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: “முதுகுநீர் எடுப்பு: தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழே, இடுப்புக்கு நேரே ஊசி செலுத்திச் சிறிது நீர் எடுத்துச் சோதித்தல்.”