கன்னங்குறிச்சி வீட்டுக் கீழ்த்தளத்தில் ஊற்றெடுக்கிறது, எந்த மோட்டார் வைப்பது?

ஏரிக்கரை புடவை

வணக்கம். எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், மூக்கனேரியிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். கட்டும்போது ரோட்டைவிட ஆறடி பள்ளத்தில் ஒரு கீழ்த்தளம் எடுத்தோம். பாதியில் கார் நிற்கும், மீதியில் இளம்பிள்ளையிலிருந்து எடுத்து வரும் புடவைக் கட்டுகளை அடுக்கி வைத்து ஆன்லைனில் விற்கிறேன். ஏரி காய்ந்து கிடக்கும் வருடங்களில் தரை எலும்பு மாதிரி காய்ந்திருக்கும். சேர்வராயன் மலையில் நல்ல மழை பிடித்து ஏரி நிறைந்துவிட்டால் தரையும் சுவரும் சேரும் மூலையில் கசிய ஆரம்பித்து, விடிவதற்குள் கணுக்கால் அளவு நின்றுவிடும். ஏரி நிறைவதில் எனக்குச் சந்தோஷம்தான், 2010இல் தூர்வாரி நடுவில் மண் திட்டுகள் போட்டு மரம் வைத்ததைப் பார்த்தவள் நான், எங்கள் கிணற்றில் தண்ணீர் இருப்பதே அந்த ஏரியால்தான். தண்ணீர் வீட்டுக்குள் வராமல் இருந்தால் போதும்.

இரண்டு வருடம் முன்பு கடையில் "சம்புக்கு நல்ல மோட்டார்" என்று கேட்டு 1 ஹெச்.பி ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் வாங்கி, மூலையில் ஒரு குழி தோண்டி இறக்கினோம். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்க ஓடி நின்றுபோனது. தூக்கிப் பார்த்தால் ஜல்லடை முழுக்கச் சேறு அப்பியிருக்கிறது, காயில் கருகிய வாசம். அன்றைக்கு அடி வரிசையில் இருந்த கட்டுகள் எல்லாம் சாயம் ஏறிப் போயின, அதில் பாதி ஏற்கனவே பணம் வாங்கிய ஆர்டர்.

இந்த முறை மழைக்கு முன்பே சரியாகச் செய்துவிட வேண்டும். எந்த வகை மோட்டார், எத்தனை ஹெச்.பி? வாட்டர்ப்ரூஃபிங் செய்பவர் ஒருவர் உள்ளே கெமிக்கல் பூசினால் மோட்டாரே வேண்டாம் என்கிறார், நம்பலாமா?

ரிவைண்டிங் பட்டறை, அம்மாப்பேட்டை

அக்கா, குழப்பம் அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. நம் ஊரில் சம்ப் என்றால் மேட்டூர் தண்ணீர் பிடித்து வைக்கிற நிலத்தடித் தொட்டி. கடையில் அப்படிக் கேட்டால் நல்ல தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஓப்பன்வெல் நல்ல மோட்டார்தான், ஆனால் அது தெளிந்த தண்ணீருக்குச் செய்தது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரம், இம்பெல்லர், இரண்டு பக்கமும் மூடியிருக்கும், இடுக்கு சின்னது, மண் கலந்து வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்ளும். அது எப்போதும் தண்ணீருக்குள் முழுகியும் இருக்க வேண்டும். உங்கள் குழியில் தண்ணீர் வற்ற வற்ற மோட்டார் வெளியே தெரிந்திருக்கும், சூடேறிக் கருகியிருக்கும். என் பட்டறைக்கு மழைக்காலத்தில் வரும் மோட்டாரில் பாதி இந்தக் கேஸ்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது டிரெயினேஜ் சப்மெர்சிபிள், சிலர் டிவாட்டரிங் பம்ப் என்பார்கள். தண்ணீர் ஏறினால் மோட்டாரைத் தானாக ஓடவிட்டு, இறங்கினால் நிறுத்தும் மிதவை, அதாவது ஃப்ளோட் சுவிட்ச், சேர்ந்தே வர வேண்டும். இம்பெல்லர் திறந்த வகை, கொஞ்சம் மண்ணும் பொடிக்கல்லும் வந்தால் வெளியே தள்ளிவிடும், எவ்வளவு பெரிய கல் வரை போகும் என்று பெட்டியிலேயே மில்லிமீட்டரில் போட்டிருப்பான். செப்புக் காயிலா என்று கேளுங்கள். கோயம்புத்தூர் கம்பெனிகளிலேயே டெக்ஸ்மோ, சி.ஆர்.ஐ என்று நிறைய இருக்கிறது, எதை எடுத்தாலும் சேலத்தில் சர்வீசும் சீலும் கிடைக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு எடுங்கள்.

கெமிக்கல் பூச்சை மட்டும் நம்பாதீர்கள். தரைக்கு அடியில் தண்ணீர் ஓரடி ஏறி நின்றாலே ஒவ்வொரு சதுர மீட்டரையும் 300 கிலோ பாரத்துக்கு மேல்நோக்கித் தள்ளும். உள்பக்கம் பூசியதை அது உரித்துக்கொண்டு வரும், இல்லையென்றால் அடுத்த மூலையைத் தேடிப் போகும். அந்தத் தண்ணீருக்கு ஒரு குழியைக் காட்டி அங்கிருந்து வெளியே எடுப்பதுதான் வழி. பூச்சு அதற்கு மேல் கூடுதலாக இருக்கட்டும்.

ஹெச்.பி பற்றி இப்போது சொல்ல மாட்டேன். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்காமல் மோட்டார் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. இப்போது கசிவு இருக்கிறதா? குழி என்ன அளவு? தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, குழிச் சுவரில் சாக்பீசால் ஒரு கோடு போடுங்கள், அங்கிருந்து எத்தனை நிமிடத்தில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று போன் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். கார் இறங்கும் சரிவு, அந்த ரேம்ப் எத்தனை அடி, ரோட்டிலிருந்து தண்ணீர் இறங்குகிறதா, அதையும் சொல்லுங்கள்.

நாகலூர் காப்பித் தோட்டம்

அம்மா, நான் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். எங்கள் வீடு சரிவை வெட்டிக் கட்டியது, பின்சுவர் முழுக்க மலை. முதல் மழையிலேயே சுவர் வியர்த்து ஒழுகியது. நாங்கள் மோட்டாரே வைக்கவில்லை. பின்சுவரின் வெளிப்பக்கம் அஸ்திவாரம் வரை தோண்டி, துளை போட்ட நாலு அங்குலக் குழாயைச் சாய்வாகப் படுக்க வைத்து, மண் புகாத துணியைச் சுற்றி, மேலே ஜல்லி நிரப்பி, குழாயின் வாயை வீட்டைத் தாண்டித் தாழ்வான பக்கம் கொண்டுபோய் விட்டோம். மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் அந்த வாயில் விரல் தடிமனுக்குத் தெளிந்த தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் விழும், அதுதான் விசேஷம்.

கன்னங்குறிச்சி சமதரை, ஏரியே பக்கத்தில், உங்களுக்கு இது முழுதாக ஒத்துவராது என்று தெரியும். ஆனாலும் தானாக வெளியே போகக்கூடிய தண்ணீரைக் குழிக்குள் விடாதீர்கள். ரேம்ப் ஆரம்பிக்கும் இடத்தில் ரோட்டுத் தண்ணீர் தாண்டாதபடி அரையடி மேடு கட்டுங்கள், அப்புறம் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று ஒரு மழையில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். மோட்டார் எடுக்க வேண்டியது ஊற்றுத் தண்ணீரை மட்டும்தான்.

ஏரிக்கரை புடவை

ஐயா, நேற்று சாயங்கால மழையில் சுற்றி வந்தேன். நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறது. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய்களில் ஒன்று, கசிகிற அந்த மூலைக்கு நேர் வெளியே, பூச்செடிக்கு நடுவில் முடிகிறது. இத்தனை வருடமாகச் செடிக்கு நல்லது என்று விட்டிருந்தோம். இன்றைக்கே ஒரு எல்போ போட்டு முன்பக்கம் திருப்பிவிட்டோம்.

தம்பி, அளந்தேன். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழம் ஒன்றரை அடிதான். மூன்று நிமிடத்தில் 4 அங்குலம் ஏறியது, இரண்டு முறை பார்த்தேன், ஒரே மாதிரிதான். ரேம்ப் 10 அடி அகலம், 30 அடி நீளம், மேலே கூரை இல்லை.

ரிவைண்டிங் பட்டறை, அம்மாப்பேட்டை

அருமை அக்கா, இதற்குத்தான் கேட்டேன். இரண்டுக்கு இரண்டு குழியில் ஒரு அங்குலம் என்றால் ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர். 4 அங்குலத்துக்கு 38 லிட்டர், நிமிடத்துக்கு 13 லிட்டர் என்று வையுங்கள். ரேம்ப் 300 சதுர அடி, அதாவது 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். மணிக்கு 60 மி.மீ என்று கொட்டினால் 1,680 லிட்டர், நிமிடத்துக்கு 28. இரண்டும் சேர்த்து 41. ஏரி முழுக்க நிறைந்தால் ஊற்று இன்னும் கூடும், அதனால் இருமடங்கு, 80 லிட்டருக்கு மேல் எடுக்கிற மோட்டாராகப் பாருங்கள்.

இதில்தான் எல்லோரும் ஏமாறுவது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, ஏற்றமே இல்லாமல் ஓடும்போது வருவது. அதிகபட்ச ஹெட் என்று போட்டிருப்பது, அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்கிற அளவு. உங்கள் தரை ரோட்டுக்கு ஆறடி கீழே, குழி மூன்றடி ஆழம் ஆக்கச் சொல்லப் போகிறேன், குழாய் ரோட்டுக்கு மேல் இரண்டடி ஏறித் திரும்பும், மொத்தம் 11 அடி, மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எல்போ, வால்வு உராய்வு சேர்த்து 5 மீட்டர். கடையில் அட்டவணையை வாங்கி, 5 மீட்டரில் 80லிருந்து 100 லிட்டருக்குக் குறையாமல் தருகிறதா என்று பாருங்கள். அரை ஹெச்.பி போதும். ஒன்றரை ஹெச்.பி ஒன்று வாங்கும் காசில் அரை ஹெச்.பி இரண்டு வாங்குங்கள் என்பேன். ஒன்று வழக்கமாக ஓடட்டும், இரண்டாவதன் ஃப்ளோட்டை அரையடி உயர்த்தி வையுங்கள், முதலாவது படுத்தால் அது எழுந்துகொள்ளும்.

குழியை மூன்றடி ஆழமாக்குங்கள், நாலு பக்கமும் அப்படியே இருக்கட்டும். ஆழம் இருந்தால்தான் ஒருமுறை எடுத்தால் கொஞ்ச நேரம் மோட்டார் ஓய்வெடுக்கும், நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் ஆனால் கெப்பாசிட்டரும் காயிலும் சீக்கிரம் போய்விடும். அடியில் துணி விரித்து ஜல்லி போட்டு, அதற்கு மேல் ஒரு கடப்பாக் கல் வைத்து மோட்டாரை நிறுத்துங்கள், சேற்றில் நேரடியாக உட்காரக் கூடாது. குழாய் ஒன்றரை அங்குலம், வழியில் எங்கேயும் ஒரு அங்குலத்துக்குக் குறைக்கக் கூடாது. மோட்டாருக்கு மேலே கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீரைத் திரும்பி வர விடாத வால்வு, அதாவது என்.ஆர்.வி, குழாயைக் கழற்றி எடுக்க யூனியன். இரண்டு மோட்டார் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி என்.ஆர்.வி, இல்லாவிட்டால் ஒன்று தள்ளும் தண்ணீர் மற்றொன்று வழியாகக் குழிக்கே திரும்பும்.

நிறைய பிளம்பர்கள் விடுகிற ஒரு வேலை, மோட்டாருக்கும் என்.ஆர்.விக்கும் நடுவில் குழாயில் 4 மி.மீ பிட்டால் ஒரு துளை போடுவது. அந்தத் துளை குழியின் மூடிக்குக் கீழே, குழிக்குள்ளேயே பார்த்த மாதிரி இருக்கட்டும். மோட்டார் ஓடும்போது அதில் மெல்லிசாகப் பீய்ச்சும், பயப்பட வேண்டாம். அந்தத் துளை இல்லையென்றால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, மோட்டார் உறுமும், தண்ணீர் மட்டும் வராது.

வெளியே விடுவது தெருவில் மழைநீர்க் கால்வாயில்தான். பாதாளச் சாக்கடையில் சேர்த்துவிடாதீர்கள், மழையில் அது நிரம்பி உங்கள் வீட்டுக் கழிவறை வழியாகவே திரும்பி வரும்.

அடுக்ககச் செயலாளர், ஃபேர்லேண்ட்ஸ்

மேடம், மேலே பட்டறைக்காரர் சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, எங்கள் அடுக்ககத்தில் நாங்கள் பட்டதை மட்டும் சொல்கிறேன். எங்களிடம் இரண்டு மோட்டாரும் இருந்தது, இரண்டும் நல்ல நிலையில் இருந்தது, ஆனாலும் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறியது. காரணம், ஒரு ஃப்ளோட்டின் வயர் மற்ற மோட்டாரின் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு கீழேயே தொங்கிக்கொண்டிருந்தது, இன்னொன்றின் பிரேக்கர் பகலில் டிரிப் ஆகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. உங்கள் இரண்டடிக் குழியில் இரண்டு மோட்டார், இரண்டு தொங்கும் ஃப்ளோட் என்றால் நெருக்கடி. நேராக ஏறி இறங்கும் வகை ஃப்ளோட் உள்ள மோட்டாராகப் பாருங்கள், இல்லை குழியை இரண்டடிக்கு மூன்றடியாக அகலப்படுத்துங்கள். மாதம் ஒருமுறை ஃப்ளோட் எழும் அளவு தண்ணீர் ஊற்றி, மோட்டார் தானாக ஓடுகிறதா, தானாக நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தண்ணீர் ஏறினால் மாடியில் மணி அடிக்கும் சின்ன அலாரம் ஒன்றும் மாட்டுங்கள், அதற்குத் தனி பேட்டரி இருக்கட்டும்.

அடுத்தது கரண்ட். இடி மின்னலோடு கொட்டும்போதுதான் கரண்டும் போகும், தண்ணீரும் வரும். வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் வைத்திருக்கும் 900 வி.ஏ இன்வெர்ட்டர் அரை ஹெச்.பி மோட்டாரை ஸ்டார்ட் செய்யாது, ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 2 கே.வி.ஏ சைன்வேவ், இரண்டு பேட்டரி என்று போங்கள், அந்த மோட்டாரையே மாட்டி ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

ஏரிக்கரை புடவை

எல்லோருக்கும் மிக்க நன்றி. குழியை இரண்டுக்கு மூன்று, ஆழம் மூன்றடி என்று முடிவு செய்துவிட்டோம், வியாழக்கிழமை கொத்தனார் வருகிறார். இரண்டு சந்தேகம். சுவிட்ச் போர்டு இப்போது கீழ்த்தளத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, மாற்ற வேண்டுமா? இன்னொன்று, பழைய மோட்டார் ஓடியபோது தெருவில் விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது, அது பரவாயில்லையா?

ரிவைண்டிங் பட்டறை, அம்மாப்பேட்டை

போர்டை முதல் வேலையாக மேல்தளத்துக்கு ஏற்றுங்கள் அக்கா. மோட்டார் லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி ஒன்று தனியாக, எர்த் தனியாக. வீட்டு லைனோடு சேர்த்தால் மிக்சியில் கசிவு வந்தாலும் மோட்டார் நின்றுவிடும். தண்ணீர் நிற்கும்போது மேலே மெயினை அணைக்காமல் யாரும் கீழே கால் வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்லி வையுங்கள். மோட்டாரை வயரைப் பிடித்துத் தூக்காதீர்கள், கைப்பிடியில் நைலான் கயிறு கட்டி மேலே ஒரு கொக்கியில் மாட்டுங்கள்.

செம்மண் நிறம் விஷயம் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. முதல் அரை மணி கலங்கி வந்து பிறகு தெளிந்தால் சரி. ஓடும் வரை கலங்கியே வந்தால் தரைக்கு அடியில் இருக்கும் மண்ணைத்தான் இறைத்துக்கொண்டிருக்கிறோம், நாளாக நாளாக அடியில் பொந்து விழுந்து தரை உட்காரும். வியாழக்கிழமை குழி தோண்டும்போது பக்கவாட்டில் துளை போட்ட சிமெண்ட் உறை இறக்கி, உறைக்கும் மண்ணுக்கும் நடுவில் துணியும் அரையடி ஜல்லியும் சுற்றிலும் வரச் சொல்லுங்கள். உறையை இறக்கும் முன்பு குழியை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், மண் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஜல்லி சைஸ் சொல்கிறேன்.