மலேரியா ரத்தப் பூச்சு சிலைடு எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வெங்காயத் தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் காட்டினேன். செங்கல் அடுக்கியது போலச் செல்களும், உள்ளே உட்கருவும் தெளிவாகத் தெரிந்தன. அப்புறம் ஒரு மாணவி, "மலேரியாக் கிருமியையும் காட்டுங்க மிஸ்" என்று கேட்டாள். நியாயமான ஆசைதான்.

1880-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு மருத்துவர் லாவரன் அந்தக் கிருமியை நோயாளியின் ரத்தத்தில் பார்த்தார். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். இதைச் சொல்லித் தருவதைவிட, பிள்ளைகள் ஒருமுறை கண்ணால் பார்ப்பது எவ்வளவோ மேல்.

எங்கள் நுண்ணோக்கி 400 மடங்குதான் பெரிதாக்கும். ரத்தச் சிவப்பணுவே சுமார் 7 மைக்ரோமீட்டர். அதற்குள் இருக்கும் பிளாஸ்மோடியம் என்ற மலேரியாக் கிருமியைச் சரியாகப் பார்க்க, எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு பொருளருகு லென்ஸ் வேண்டும் (10 மடங்கு கண்ணருகு லென்ஸோடு சேர்ந்தால் மொத்தம் 1000 மடங்கு). வகுப்பில் யாருடைய ரத்தத்தையும் எடுக்க மாட்டேன், அது பாதுகாப்பில்லை.

ஜீம்சா சாயமிட்ட (கிருமி நிறத்தில் தெரிவதற்கான சாயம்) நிரந்தர சிலைடு யாரிடமாவது இருக்கிறதா? வாங்குவதென்றால் எங்கே, என்ன விலை? அந்த லென்ஸை மட்டும் தனியாக வாங்கிப் பழைய நுண்ணோக்கியில் பொருத்த முடியுமா? லேப் டெக்னீஷியன்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.