கீற்றுக் கொட்டகையில் மரவட்டைக் கூட்டம்: என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். மாட்டுக் கொட்டகைக்குப் போன வருடம்தான் புதுக் கீற்று வேய்ந்தோம். இந்த மழை ஆரம்பித்து நாலாவது நாளில் கூரையின் உட்பக்கம் பார்த்தால் மரவட்டைகள் நூற்றுக்கணக்கில்! கறுப்பு உடல், முதுகில் செந்நிறப் பட்டை. பகலில் மூங்கில் இடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. இருட்டினதும் சுவரில் இறங்குகின்றன. தினமும் ஒரு முறம் கூட்டி அள்ளுகிறேன், மறுநாள் அதே கதை.

பூரான் மாதிரி கடிக்காது என்று தெரியும். ஆனால் வெறுங்கையால் அள்ளியதில் விரல் பழுப்பாகி, இரண்டு நாள் சோப்புப் போட்டும் போகவில்லை. அதன் உடலில் கசியும், குயினோன் என்ற ரசாயனம் உள்ள திரவம்தான் காரணமாம்.

மரவட்டை உடலில் ஈரம் தங்காது, அதனால் ஈரமான இடம் தேடி ஒண்டும் என்று படித்தேன். அது சரி, கொல்லை முழுக்க ஈரம்தானே, ஏன் இந்த ஒரு மூலையில் மட்டும் இத்தனை? ஒன்றின் வாசனையைப் பிடித்து மற்றவை வருமா? ஜப்பானில் ஒரு வகை 8 ஆண்டுக்கு ஒருமுறை திரண்டு தண்டவாளத்தை மூடி ரயிலையே நிறுத்தியிருக்கிறது. நல்லவேளை, நம்முடையது கொட்டகையோடு நிற்கிறது.

மாடு கட்டும் இடம், அதனால் பூச்சிமருந்து வேண்டாம். சுண்ணாம்பு, சாம்பல், வேப்பம் புண்ணாக்கு இதில் எதையாவது போட்டுப் பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா? கீற்றைப் பிரித்துவிட்டுத் தகரம் போடச் சொல்கிறார் மாமா. வெயில் காலத்தில் மாடு என்ன பாடுபடும்!