இரண்டு குயர் நோட்டில் நான்கு ஏடுகளைக் காணோம்

நான்: (படம்) தாத்தாவின் கணக்கு நோட்டு அலமாரியில் கிடைத்தது. அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் "2 குயர்" என்று எழுதியிருக்கிறது. குயர் என்றால் எவ்வளவு?

அண்ணன்: 25 தாள். இப்போதுதான் தேடிப் பார்த்தேன். இரண்டு குயருக்கு 50 தாள். நடுவில் மடித்துத் தைத்தால் 100 ஏடுகள். எண்ணிப் பார்.

நான்: இரண்டு முறை எண்ணிவிட்டேன். 96தான் வருகிறது.

அண்ணன்: அப்படியானால் நான்கு ஏடுகளை யாரோ கிழித்திருக்கிறார்கள். அந்த நாளில் இந்த வீட்டில் காகிதக் கப்பல் விட்டவர் ஒருவர்தான். அத்தை, வாருங்கள்.

அத்தை: அடப்பாவி! ஐம்பது வருடம் கழித்து விசாரணையா? அண்ணா, நீங்களே இவனுக்குச் சொல்லுங்கள்.

பெரியப்பா: பைண்டிங் மேசையில் முப்பது வருடம் நின்றவன் வீட்டிலேயே இருக்கிறேன், என்னைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. குயர் 25 என்பது பிந்தைய கணக்கு. பழைய குயர் 24 தாள். இரண்டு குயர் 48 தாள், 96 ஏடு, 192 பக்கம். நோட்டு முழுதாகத்தான் இருக்கிறது.

அத்தை: 🙏

அண்ணன்: 25 என்றால் கணக்குப் போட எளிது. எதற்கு 24?

பெரியப்பா: உனக்கு எளிது, தைக்கிறவனுக்கு இல்லை. 24ஐ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று எப்படியும் பங்கு போடலாம். ஆறு ஆறு தாளாக மடித்தால் குயருக்கு நான்கு மடிப்பு, மிச்சம் விழாது. 25 தாளை ஆறு ஆறாக மடித்துப் பார், ஒரு தாள் அநாதையாக நிற்கும். குயர் என்ற சொல்லே லத்தீனில் "நான்கு நான்காக" என்பதிலிருந்து வந்தது. தோலில் எழுதிய காலத்தில் நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த கட்டுக்கு அந்தப் பெயர். காகித வியாபாரத்துக்கு வந்தபோது அது 24 ஆயிற்று.

சித்தி: எங்கள் அலுவலகத்தில் ரீம் என்றால் 500.

பெரியப்பா: 20 குயர் ஒரு ரீம். 25ஆல் பெருக்கினால் உங்கள் 500, 24ஆல் பெருக்கினால் பழைய 480. அச்சகத்தாருக்கு 516 தாளில் ஒரு ரீம் தனியாக இருந்தது, அதாவது இருபத்தொன்றரை குயர். மை சீராகும்வரை சில தாள்கள் பாழாகுமே, அதற்கான ஈடு. கைக்காகித ஆலைகளில் 472 தாள் ரீமும் உண்டு. நடுவில் 24 தாளாக 18 நல்ல குயர், மேலே ஒன்று கீழே ஒன்று 20 தாள் குயர். அந்த இரண்டிலும் பழுதான தாள்களைத்தான் வைப்பார்கள். கட்டுக்கயிறு அழுத்துவது அவற்றின் மேல்தானே.

அண்ணன்: ஒரே பெயருக்கு நான்கு எண்ணிக்கை! யாரும் அடித்துக்கொள்ளவில்லையா?

பெரியப்பா: நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன். 192 பக்கப் புத்தகம், ஆயிரம் பிரதி. ஒரு தாளுக்கு இரு பக்கமும் சேர்த்து 16 பக்கம், அதுதான் ஒரு பாரம். 12 பாரம், பாரத்துக்கு ஆயிரம் தாள், ஆக 12,000. ரீமுக்கு 500 என்று நினைத்து, கழிவுக்குக்கூட இடம் வைக்காமல், 24 ரீம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வந்தவை 480 தாள் ரீம்கள். மொத்தம் 11,520.

சித்தி: 40 பிரதி குறையும், அவ்வளவுதானே?

பெரியப்பா: அதுதான் இல்லை. ஒரு பாரத்தை ஆயிரமும் அடித்து முடித்த பிறகுதான் அடுத்தது ஏறும். பதினொரு பாரம் முழுதாக ஓடிவிட்டது, ஒருவருக்கும் சந்தேகமே இல்லை. பன்னிரண்டாவதற்கு மிஞ்சியது 520 தாள். நான் மேசையில் பாரங்களை வரிசையாக வைத்துச் சேர்த்துக்கொண்டே போகிறேன், கடைசிக் குவியல் மட்டும் பாதியில் தீர்ந்துவிட்டது. 480 புத்தகங்களுக்குக் கடைசி 16 பக்கம் கிடையாது.

நான்: என்ன புத்தகம், பெரியப்பா?

பெரியப்பா: கணக்குப் பாடநூல். கடைசிப் பாரம் விடைகள்.

சித்தி: 😂😂

பெரியப்பா: அன்றிலிருந்து கட்டு வந்தால் மூலையைப் பிடித்து விசிறியாக விரித்து, ஐந்தைந்தாக எண்ணி, குயருக்கு ஒரு துண்டுச் சீட்டு செருகிய பிறகுதான் ஊசியைத் தொடுவேன்.

அண்ணன்: எல்லாம் சரி. ஆனாலும் இது 25 தாள் குயராக இருந்து, நான்கு ஏடு கிழிந்திருக்கலாமே?

பெரியப்பா: விடமாட்டாய். அம்மா, நோட்டைத் திறந்து ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் நூல் தெரிகிற இடத்தைப் பார். நூலுக்கு இந்தப் பக்கம் எத்தனை ஏடு, அந்தப் பக்கம் எத்தனை? ஓர் ஏட்டைக் கிழித்தால் அதன் ஜோடி ஏடு தளர்ந்து கழன்றுவரும். இல்லையென்றால் நூலருகே விரல்நுனி அகலத்துக்குக் கிழிசல் நிற்கும்.

நான்: எட்டு மடிப்பு. ஒவ்வொன்றிலும் நூலுக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. கிழிசல் எங்கும் இல்லை. ஓர் ஏடுகூட ஆடவில்லை.

பெரியப்பா: எட்டுப் பன்னிரண்டு 96. தம்பி, அத்தையிடம் மன்னிப்புக் கேள்.

அண்ணன்: மன்னித்துவிடுங்கள் அத்தை.

அத்தை: போகட்டும், சின்னப் பையன். நான் கிழித்தது இதற்கு முந்தைய நோட்டு.