அப்புச்சி நினைவு மலர்: கண்ணாடியில ஒட்டிய படத்துக்கு வழி சொல்லுங்க

வணக்கமுங்க. அப்புச்சியோட (அம்மாவைப் பெத்த தாத்தா) வருச திதிக்கு 32 பக்க நினைவு மலர் போடறோம். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கறவங்களுக்கு அவர் மோர் ஊத்தினது, பேரன் பேத்திகளோட சென்னிமலைப் படியேறினது எல்லாம் எழுதியாச்சு.

காவடியோட அவர் நிக்கிற ஒரே கறுப்பு வெள்ளைப் படம் சட்டத்துக் கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. ஈரம் பட்டா படத்து மேல இருக்கிற ஜெலட்டின்ங்கிற பசை மாதிரிப் பூச்சு இளகி, காஞ்சதும் கண்ணாடியைப் புடிச்சுக்குமுங்க. இழுத்தா முகமே உரிஞ்சிரும். பின்னால அவர் மையில எழுதின தேதி, அதனால தண்ணியில ஊறப் போடவும் முடியாது.

கண்ணாடியோடவே 600 டிபிஐயில (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் எடுக்கணும். மெல்லிசா வர்ற சிஐஎஸ் ஸ்கேனர், மேல ஒட்டி வெக்கிறதை மட்டுந்தான் தெளிவா எடுக்கும்; அதுல கண்ணாடிக் கனத்துக்கே படம் மங்கிரும். ஈரோடு, பெருந்துறைப் பக்கம் சிசிடி ஸ்கேனர் (லென்ஸ் இருக்கிறதால கொஞ்சம் தள்ளி இருக்கிறதையும் தெளிவா எடுக்கிற வகை) வெச்சிருக்கிற, பழைய படங்களைப் பக்குவமாக் கையாளற ஸ்டுடியோ தெரிஞ்சா சொல்லுங்க.