ஜெர்பரா பாட்டில்கள் எல்லாம் மங்கிப் போகின்றன, உதவி தேவை

குளிர்மலை:
வணக்கம். ஏற்காட்டில் வீட்டிலேயே டிஷ்யூ கல்ச்சர், அதாவது செடித் துண்டைப் பாட்டிலுக்குள் வைத்து வளர்ப்பது, செய்து பார்க்கிறேன். வைத்த நாலைந்து நாளில் பாட்டிலுக்குள் ஏதோ வந்து எல்லாம் வீணாகிவிடுகிறது. நல்ல செடிதான், சத்துக் கூழும் எம்எஸ் மீடியம்தான். தாய்ச்செடி இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்களேன்.

பூச்சரம்:
என்ன செடி? எந்தப் பாகத்தை வெட்டி வைத்தீர்கள்? வருவது பஞ்சு மாதிரியா, பால் மாதிரியா?

செவ்வாப்பேட்டைக்காரன்:
பஞ்சு அடைப்பு போட்டிருப்பீர்கள், அதுதான் காரணம். மூடுபனியில் பஞ்சு நமுத்துப் போனால் பூஞ்சை அதன் வழியாகவே உள்ளே இறங்கிவிடும். மூடி போட்ட பாட்டிலுக்கு மாறுங்கள்.

குளிர்மலை:
தலைப்பில் சொன்னேனே, ஜெர்பரா. அடிக்குருத்து. பால் மாதிரி. பிளாஸ்டிக் மூடிதான்.

கண்ணாடிக்குடுவை:
இதைப் பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ஜெர்பரா குருத்து மண்ணை ஒட்டியே இருக்கும், மேலெல்லாம் ரோமம். எவ்வளவு கழுவினாலும் கிருமி போகாது. விஷயம் தெரிந்தவர்கள் விரியாத இளம் மொட்டைத்தான் எடுப்பார்கள். அதைத் துண்டுகளாக்கி பிஏபி என்ற தளிர் ஹார்மோன் சேர்த்த மீடியத்தில் வைத்தால் தளிர் வரும். வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேசை இல்லாமல் இதில் இறங்கவே கூடாது தம்பி.

பூச்சரம்:
மொட்டு யோசனை நல்லது. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டாமா? துண்டின் அடியைச் சுற்றி மங்கல் தொடங்கினால் செடிக்குள்ளிருந்து வருகிறது. துண்டுக்குத் தள்ளி, புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மீடியத்தையோ கையையோ சந்தேகப்படலாம். செடியே வைக்காமல் சில பாட்டில்களை மூடி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அதுவும் மங்கினால் செடி மேல் குற்றமில்லை. மீடியத்தில் கிருமி சாக எதில் வைத்து எடுக்கிறீர்கள்? எவ்வளவு நேரம்?

குளிர்மலை:
குக்கர். 15 நிமிஷம்.

மலைமேல் வாத்தியார்:
அப்படியென்றால் எனக்குச் சந்தேகம் குக்கர் மேல்தான். கிருமி சாக வேண்டிய 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் வரும் என்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம்.

செவ்வாப்பேட்டைக்காரன்:
வெயிட் ஒன்றுதானே வாத்தியாரே? சேலத்தில் எந்த அழுத்தத்தில் தூக்குகிறதோ அதே அழுத்தத்தில்தானே மலையிலும் தூக்கும்?

மலைமேல் வாத்தியார்:
வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் வெயிட் காட்டும். வெளிக்காற்றே அங்கே குறைவு, அதனால் மொத்த அழுத்தமும் குறைகிறது. 118 டிகிரி வாக்கில் நின்றுவிடும். சூட்டைத் தாங்கிக் கிடக்கும் பாக்டீரியா ஸ்போர் சாக, 3 டிகிரி குறைந்தாலே ஏறக்குறைய இரு மடங்கு நேரம் வேண்டும். 30 நிமிஷம் வையுங்கள். வெயிட் போடுவதற்கு முன் ஆவி சீறிக்கொண்டு நேராக வரட்டும். உள்ளே காற்று தங்கினால் சூடு இன்னும் குறையும்.

செவ்வாப்பேட்டைக்காரன்:
அவ்வளவு நேரம் வைத்தால் சர்க்கரை பழுப்பாகும், பிஎச் இறங்கி அமிலத்தன்மை ஏறும், மீடியத்தைக் கெட்டியாக்கும் அகார் உறையாது.

மலைமேல் வாத்தியார்:
பிஎச் 5.8இல் தொடங்கினால் கொஞ்சம் இறங்கினாலும் உறையும். லேசான பழுப்பால் கெடுதல் இல்லை.

கண்ணாடிக்குடுவை:
குக்கருக்கு இவ்வளவு விவாதமா? லேபில் ஆவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் வாங்கச் சொல்லுங்கள்.

மலைமேல் வாத்தியார்:
அதில் இருக்கும் அழுத்தமானியும் அதே கணக்குதான் ஐயா. முள் 15இல் நின்றாலும் மலையில் 121 வராது. வெப்பநிலையைத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்குடுவை:
முறையான லேபில் யாரும் இப்படி அளப்பதில்லை.

பூச்சரம்:
சரி, கேட்டவர் எங்கே? வெறும் பாட்டில் என்ன ஆனது?

குளிர்மலை:
வெறும் பாட்டிலும் மங்கிவிட்டது. நேரம் கூட்டி வைத்தவை தெளிவாக இருக்கின்றன. மொட்டு வைத்திருக்கிறேன். நன்றி வாத்தியாரே, நன்றி அக்கா.

பூச்சரம்:
நல்லது. மொட்டுத் துண்டின் அடியை மட்டும் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே பால் மாதிரி தெரிந்தால் உடனே எழுதுங்கள்.